மூழ்கிய ஊரில் நமக்கு எந்தத் தெரு?
'கள்ளிக்காட்டு இதிகாச'த்தை முன்வைத்துச் சில கேள்விகள்

அணையால் அழிந்த ஊரைப் பற்றித் தமிழில் யாராவது பேச்செடுத்தால் உடனே எடுத்து நீட்டப்படுகிற நாவல் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2001-இல் நூலாகி, 2003-க்கான சாகித்திய அகாதெமி விருதும் வாங்கிய நாவல். வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்ட 14 ஊர்களின் துயரம் அதன் கரு. அந்த 14 ஊர்களில் ஒன்றான மேட்டூரில்தான் அதன் ஆசிரியர் பிறந்தார். ஊர் போனபின் குடும்பத்தோடு வடுகபட்டிக்குப் போனவர். ஆகவே கேள்விப்பட்டு எழுதிய துயரம் அல்ல அது. பட்டு எழுதியது. அதை மறுக்க நான் வரவில்லை.

நான் கேட்பது வேறு. அந்தத் துயரத்தின் மையத்தில் யார் நிற்கிறார்கள்? நீர் ஏறும்போது நாவல் யாருடைய தோளில் ஏறி நின்று அழுகிறது? பேயத்தேவர் என்கிற குடியானவரின் தோளில். மழையில்லாத பூமியில் கிணறு வெட்டியும் கடன்பட்டும் பிள்ளைகளால் நொந்தும், நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வாழ்ந்த கிழவர். கடைசியில் அணைத்தண்ணீர் ஊருக்குள் வரும்போது அந்த ஊரோடு அவரும் போகிறார். படிக்கிற யாருக்கும் நெஞ்சு அடைக்கும். எனக்கும் அடைத்தது. ஏழைதான் அவர். அவர் பிறந்த சாதியைப் பிரிட்டிஷ் அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தில் வைத்து ரேகை உருட்டிய வரலாறும் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒன்று உண்டு. அவருக்கு நிலம் இருந்தது. அவருடைய கண்ணீருக்கு ஒரு சர்வே எண் இருந்தது.

ஆவடிப் பக்கம் சில நண்பர்கள் கூடி இந்த நாவலைப் பேசினோம். கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா, எங்கள் விமர்சனச் சொற்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்: “இந்தப் பெரியவரு மண்ணு போச்சேன்னு அழுவுறாரு. அவுரு மண்ணு, அவுரு அழுவுறாரு. கயினில நாத்து நட்டவ இன்னான்னு சொல்லி அழுவுவா? எம் மண்ணு போச்சுன்னா? எங்கூலி போச்சுன்னா? கூலி போச்சுன்னு அழுதா எவன் பொஸ்தகம் எழுதுவான்?” நான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போவது அந்த அம்மா கேட்டதற்கு மேல் அதிகமில்லை. அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், அவ்வளவே.

1

நட்டஈடு என்பது பணம் மட்டுமல்ல. அது ஒரு வாசிப்பு. ஒரு ஊரை அரசு எப்படி வாசிக்கிறது என்பதை நட்டஈட்டுப் பட்டியல் காட்டும். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சுமார் 120 ஆண்டுகள் இந்த நாட்டில் ஊர்களை வாசித்தது. நிலத்தின் சந்தை விலை, அதிலுள்ள மரம், கிணறு, கட்டடம், நின்ற பயிர், கட்டாயமாக எடுத்ததற்காக விலைக்கு மேல் ஒரு சதவீதம்: முதலில் 15, 1984 திருத்தத்துக்குப் பிறகு 30. இதுதான் அந்த வாசிப்பின் இலக்கணம். அந்த இலக்கணத்தில் தென்னைமரம் ஒரு பெயர்ச்சொல். பம்புசெட்டுக் கொட்டகை ஒரு பெயர்ச்சொல். நாற்று நட்டவள், ஏர் ஓட்டியவன், செத்த மாட்டைத் தூக்கியவன், பிணத்துக்குப் பறையடித்தவன், ஏரி மதகைத் திறந்து மூடியவன், இவர்களுக்கு அதில் சொல்லே கிடையாது. இருந்தால்தானே இழக்க முடியும்? இவர்களிடம் எதுவும் 'இருக்கவில்லை'. அதனால் எதுவும் 'போகவில்லை'.

இந்த வாசிப்பை வருவாய்த்துறை மட்டும் செய்யவில்லை. நம் நாவலாசிரியர்களும் செய்திருக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. மண்ணோடு உள்ள உறவு என்றால் உடைமையாளனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு என்று வட்டார இலக்கியம் எழுதாமல் எழுதிய விதி ஒன்று உண்டு. 'மண்ணின் மணம்' என்று நாற்பது ஆண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த மண்ணை மிதித்துச் சேறாக்கியவனின் வேர்வைக்கு என்ன மணம் என்று கேட்டால் 'சாதி பேசாதே' என்கிறார்கள். கள்ளிக்காட்டிலும் பல சாதி மனிதர்கள் நடமாடுகிறார்கள். நாவலாசிரியர் கண்ணை மூடிக்கொண்டவரல்ல. ஆனால் இழப்பு என்கிற சொல் வந்தவுடன் பிரதி பட்டாவைத் தேடிப் போய் நின்றுகொள்கிறது. தாசில்தாரும் இதிகாசக்காரரும் ஒரே பதிவேட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். ஒருவர் தொகையாக எழுதுகிறார், மற்றவர் துயரமாக எழுதுகிறார்.

2

பட்டா இல்லாதது தற்செயல் அல்ல. எங்கள் பக்கத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் பழைய செங்கல்பட்டு ஜில்லா. மிராசுதாரர் ஆண்ட பூமி. ஊர் நிலம் மட்டுமல்ல, தரிசும் புறம்போக்கும் கூட மிராசுதாரர் வாய்க்குள் இருந்தது. சேரியில் குடிசை நின்ற இடமும் அவர்களுடையதே. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இதையெல்லாம் பதிவு செய்தது. அதன் பேரில் 1892-இல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஆணை. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம்.

அந்த நிலம் எங்கே போயிற்று என்று கேட்டதற்காகத்தான் காரணையில் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். ஆக, நட்டஈட்டு அதிகாரி சேரிக்கு வந்து “உன்கிட்ட பட்டா இருக்கா?” என்று கேட்கும்போது அது ஒரு சாதாரண அலுவலகக் கேள்வி அல்ல. நூறாண்டுகளாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “இருக்கா?” என்று கேட்பது. இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள ரத்தத்தைச் சொல்லாத அணை இலக்கியம் பாதி இலக்கியம்தான்.

3

சாமிக்கு மாற்றிடம் கிடைத்த கதையைப் பார்ப்போம்.

பூண்டி நீர்த்தேக்கம் எங்களுக்குப் பக்கம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1940-இல் வேலை தொடங்கி 1944-இல் முடிந்தது. சத்தியமூர்த்தி பெயரை வைத்தார்கள். அதில் நீருக்குள் போனது திருவெண்பாக்கம் கோயில், சுந்தரர் பாடிய தலம். சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி, கண் இழந்து வந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கொடுத்த சாமி என்று புராணம் சொல்லும். அந்தச் சாமியைப் பூண்டிக்குக் கொண்டுவந்து புதுக்கோயில் கட்டி வைத்தார்கள். ஊன்றீசுவரர் இன்றும் அங்கே இருக்கிறார். பாடல் பெற்ற தலம் என்ற பெயரும் போகவில்லை.

இதைவிடப் பெரிய கதை ஸ்ரீசைலம். கிருஷ்ணா நதியில் நீர்மின்சாரத்துக்காகக் கட்டிய அணை. 1981-இல் ஊர்களை இடித்து ஆட்களை வெளியேற்றினார்கள். சுமார் 1 லட்சம் பேர் இடம் பெயர்ந்தார்கள். அதே நீரில் மூழ்க இருந்த பழங்கோயில்களைத் தொல்லியல் துறை கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கொண்டுபோய் மறுபடி கட்டியது. கூடவெல்லியில் இருந்த சங்கமேசுவரர் கோயில் இன்று ஆலம்பூரில் நிற்கிறது. எந்தக் கல் எந்த வரிசையில் இருந்தது என்று கணக்கு வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. நல்ல வேலைதான். கலைச்செல்வம் காப்பாற்றப்பட வேண்டியதே. ஆனால் கல்லுக்குத் தெரிந்த வரிசை ஆளுக்குத் தெரியவில்லை. எந்தக் குடிசை எந்தக் குடிசைக்குப் பக்கத்தில் இருந்தது, எந்தக் கிழவி எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவம் பார்த்தாள், கடன் கேட்டால் யார் கொடுப்பார்கள், இதற்கெல்லாம் எந்தத் துறை எண் போட்டு வைத்தது?

இந்தக் கதை எனக்கு ஏன் வேண்டும்? 1983-இல் ராமாராவும் எம்.ஜி.ஆரும் காலத்தில் போட்ட ஒப்பந்தப்படி சென்னைக்கு வரவேண்டிய 12 டி.எம்.சி. கிருஷ்ணா தண்ணீர் ஸ்ரீசைலத்தில் இருந்துதான் கிளம்புகிறது. சோமசிலா, கண்டலேறு வழியாக வந்து 1996-இல் முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டியில் விழுந்தது. பூண்டியிலிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது. சென்னையும் புறநகரும் குடிக்கிற தண்ணீர் இரண்டு தடவை ஊரை மூழ்கடித்த தண்ணீர். கிருஷ்ணாவில் ஒருதரம், கொசஸ்தலையில் ஒருதரம். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருக்கிற நம் பெண்களும் அதைத்தான் குடிக்கிறார்கள். அதனால் அணை எங்கேயோ தேனியில், கர்நூலில் நடந்த கதை என்று நம்மால் ஒதுங்க முடியாது.

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் நந்தி தலைகாட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டும். பத்திரிகைகள் வண்ணப்படம் போடும். சேரி தலைகாட்டாது. மண்சுவர் முதல் வருஷமே கரைந்துவிடும். கல்லில் கட்டியவனுக்கு நீருக்கடியிலும் வரலாறு உண்டு. மண்ணில் கட்டியவனுக்கு எழுத்து ஒன்றுதான் வரலாறு. அதுவும் எழுதப்படவில்லை.

4

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். நமக்குள்ளேயே வரும். ஊர் போச்சு என்று நாம் ஏன் அழ வேண்டும்?

நியாயமான கேள்வி. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னதை நாம் மறக்கவில்லை. அதைக் குறுகிய புத்தியின், சாதிவெறியின் இருப்பிடமாகத்தான் அவர் பார்த்தார். அணைகளை எதிர்த்தவரும் அல்ல அவர். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உட்படப் பெரிய நீர், மின் திட்டங்களின் கொள்கையை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மின்சாரமும் தொழிலும் வந்தால்தான் நம் ஜனம் சேற்றை விட்டு ஏற முடியும் என்ற பார்வை அதில் இருந்தது. இந்தப் பக்கத்தையே பாருங்கள். 1955-இல் ஆவடி காங்கிரசில் சோசலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. சேரியில் பிறந்த எத்தனையோ பேர் படியாள் வேலையை உதறிவிட்டுத் தொழிற்சாலைச் சங்கு கேட்டு எழுந்தார்கள். 'ஆண்டே' என்று கூப்பிட்ட வாய் 'சார்' என்று கூப்பிடக் கற்றது. 'சார்' என்று கூப்பிட்டவனுக்குச் சங்கத்தில் கை உயர்த்தவும் தெரிந்தது. இதையெல்லாம் அழிவு என்று நான் எழுதினால் எங்கள் தெருவே சிரிக்கும்.

ஆகவே 'ஐயோ கிராமம் போச்சே' என்ற ஒப்பாரி நம் ஒப்பாரி அல்ல. கள்ளிக்காட்டு இதிகாசத்தோடு நான் முரண்படுகிற ஆழமான இடம் இதுதான். அது மூழ்கிய ஊரை ஒரே ஊராகப் பார்க்கிறது. ஒரே தாய், ஒரே மடி. ஊர் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. ஊர் இருந்தது, சேரி இருந்தது, நடுவில் ஒரு வயலோ வாய்க்காலோ இருந்தது. சுடுகாடு கூட இரண்டு. தண்ணீர் வந்தபோதுதான் முதன்முறையாக இரண்டும் ஒன்றாயின. தண்ணீருக்குத் தீட்டு தெரியாது. ஆனால் தண்ணீருக்குப் பிறகு வந்த மறுகுடியேற்றத்துக்குத் தீட்டு தெரிந்திருந்தது. புது மனை பிரிக்கும்போது ஊர்த்தெருவுக்கு ஒரு பக்கம், காலனிக்கு இன்னொரு பக்கம் என்று கோடு போடுவது இந்த நாட்டில் யாருக்கும் புதுசல்ல. மூழ்கிய ஊரோடு சாதியும் மூழ்கியிருக்க வேண்டும். அது மட்டும் நீச்சல் தெரிந்து கரையேறியது எப்படி? ஒரு இதிகாசம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆனால், ஊர் நமக்குச் சிறை என்பதால், சிறையை இடித்தவன் நம்மைத் தெருவில் விட்டுப் போகலாம் என்றாகிவிடாது. கூலி இல்லாமல், களத்துமேட்டில் அளக்கிற படி இல்லாமல், வீட்டுமனை இல்லாமல் வெளியேறுவது விடுதலை அல்ல. வெறும் வெளியேற்றம். நில உடைமையாளன் நட்டஈட்டுப் பணத்தோடு இன்னொரு ஊரில் நிலம் வாங்கி மறுபடி ஆண்டையாகிறான். அவனிடம் வேலை செய்தவன் கையை வீசிக்கொண்டு நகரத்துக்கு வந்து, ஏதோ ஒரு ஏரிக்கரையில் குடிசை போடுகிறான். அங்கேயும் சில வருஷத்தில் 'ஆக்கிரமிப்பு' என்று நோட்டீசு வருகிறது. ஒரு ஏரிக்காக விரட்டப்பட்டவன் இன்னொரு ஏரிக்கரையில் ஆக்கிரமிப்பாளன். நட்டஈடு என்ற சொல் இவன் வாழ்க்கையில் ஒரு தடவையும் நுழைவதில்லை.

5

2013-இல் புதுச் சட்டம் வந்தது. நியாயமான இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு என்று பெயரிலேயே எழுதிக்கொண்ட சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் முதல் தடவையாக, நிலமில்லாத விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் ஆகியோரும் மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்திருந்தால் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். பாசனத் திட்டத்தில் நிலத்துக்கு நிலம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குக் கூடுதலாக என்றும் இருக்கிறது. போராடிப் பெற்ற வரிகள் இவை. ஆனால் மூன்று ஆண்டு உழைத்ததற்குக் கூலிக்காரியிடம் என்ன ரசீது இருக்கும்? ஆண்டை கையெழுத்துப் போட்டுத் தருவானா?

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் விசேஷம். தொழில், நெடுஞ்சாலை உள்ளிட்டவற்றுக்காக மாநில அரசு நிலமெடுக்கும் மூன்று சட்டங்களைப் புதுச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி 2014-இல் திருத்தம் போட்டார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. மத்தியில் ஒரு கை கொடுத்ததை மாநிலத்தில் இன்னொரு கை ஓரமாக நகர்த்தி வைத்தது.

திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடுமாடு மேய்ந்த, விறகும் மூலிகையும் எடுத்த மேய்க்கால் நிலம் 1,000 ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போனது. பெண்கள் முன்னால் நின்று போராடினார்கள், கைதானார்கள். பன்னாட்டு டயர் கம்பெனி வந்தது. அதே பகுதியில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 50 கோடி கன அடி கொள்ளும் நீர்த்தேக்கமும் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். நீர்த்தேக்கத்துக்காகப் பட்டா நிலம் கொடுத்தவருக்கு ஒரு விலை பேசப்பட்டது. மேய்க்காலுக்கு? அது 'அரசு நிலம்'. அரசு நிலத்தை அரசு எடுத்ததற்கு யாருக்கு நட்டஈடு? பொது நிலம் என்பது நிலமில்லாதவனின் ஒரே நிலம். அது போனால் அவனிடமிருந்து போனது எதுவுமில்லை என்று பதிவேடு சொல்கிறது.

இதுவரை சொன்னதை வைத்து, அணையைப் பற்றிய தலித் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், என்னிடம் முன்மாதிரி நாவல் எதுவும் இல்லை. ஆனால் வழி காட்டுகிற நாவல்கள் இருக்கின்றன. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) அணையைப் பற்றியதல்ல. ஆனால் அந்த ஆரோக்கியத்தை நினைத்துப் பாருங்கள். சேரிக்குத் துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, சாவுக்கு வேலை செய்து, அதற்குப் பதிலாகக் களத்தில் தானியமும் வீட்டில் சோறும் வாங்கி வாழ்கிறவள். அவளுக்கு நிலமில்லை, பதிவேட்டில் பெயரில்லை. ஆனால் அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டின் மீதும் அவளுக்கு ஒரு பாத்தியதை உண்டு. அந்த ஊரில் ஒரு அணை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் இழப்பதை எந்த அதிகாரி எந்தக் கட்டத்தில் எழுதுவான்? இழப்பு என்றால் உடைமை என்கிற இலக்கணத்தை உடைத்து, இழப்பு என்றால் உறவு, உழைப்பு, பாத்தியதை என்று அந்த நாவல் தன் போக்கில் காட்டிவிட்டது. சேரிக்கும் கீழே ஒரு படி இருப்பதையும் அது நம் முகத்துக்கு நேரே சொன்னது. அதனால் நம்மில் பலருக்குக் கோபமும் வந்தது. அணை நாவலும் அப்படித்தான் இருக்க வேண்டும். நம்மையும் விட்டுவைக்கக் கூடாது. சோ. தர்மனின் 'சூல்' (2016) ஒரு கண்மாயைச் சுற்றிப் பல சாதிகளின் வாழ்வைக் கட்டியது. நீரை ஆள்வது ஒரு வேலை, ஒரு அறிவு என்று அது காட்டியது. மதகின் அடியில் மூழ்கி அடைப்பெடுத்தவனின் அறிவுக்குப் பொதுப்பணித்துறையில் விலை கிடையாது. இலக்கியத்திலாவது இருக்கட்டும்.

பேயத்தேவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் கண்ணீர் உண்மை. ஆனால் அவர் கண்ணீரை ஊரின் கண்ணீர் என்று எழுதாதீர்கள். அது ஊர்த்தெருவின் கண்ணீர். அதற்குப் பக்கத்தில், அவர் கிணற்றில் கல் சுமந்திருக்கக்கூடியவளின் கணக்கும் வர வேண்டும். அதை எழுத வேண்டியது வைரமுத்துவின் கடமை என்று சொல்லிவிட்டு நாம் கை கட்டி உட்கார முடியாது. பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் செம்பரம்பாக்கத்துக் கரையிலும் வாய்மொழியாக இருப்பதைப் போய்க் கேட்டு எழுத இந்தப் பத்திரிகை படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் தயார்? நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் சர்வே எண் போடாதீர்கள். ஆள் பெயர் போடுங்கள். அவர் என்ன வேலை செய்தார், எந்த வீட்டிலிருந்து எவ்வளவு படி அளந்தார்கள், மதகுக்கு எத்தனை முறை இறங்கினார், ஊர் போன பிறகு எங்கே போனார் என்று எழுதுங்கள். மூன்று ஆண்டு உழைத்ததற்கு அத்தாட்சி எங்கே என்று நாளைக்கு ஒரு அதிகாரி கேட்டால், அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவன் மேசையில் போடுவோம். நாவல் அதிலிருந்து பிறந்தால் பிறக்கட்டும்.